எனக்கு இரண்டு என்றார்கள்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி மின்விசிறிக்குக் கீழே வாருங்கள்.

ஐந்தூர் நெட்வொர்க்கிலிருந்து யாராவது வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்ல வந்ததை நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். என் சுவிட்சில் ஐந்து என்று வைத்திருப்பதை இரண்டாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வருகிற திங்கட்கிழமை முதல் புளியங்குடியை விட்டுவிட்டுச் சங்கரன்கோவில் வழியாகச் சுற்றி இழுத்துக்கொள்வீர்கள். அவ்வளவுதானே? மாற்ற மாட்டேன் சார். பாஸ்வேர்டும் சொல்ல மாட்டேன். பேச்சு முடிந்தது. இனி நீங்கள் நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

ஏ உலகு, சாருக்குக் காபி போடு.

உலகம்மாள் என் மனைவி. இந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் என் பக்கம் நிற்பவள்.

இதற்கு முன் வந்தவர்கள் நான் மாட்டேன் என்றதும் எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனார். நீங்கள் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். நல்லது. உட்கார்ந்து கேட்கிற ஆளிடம்தான் எதையும் முழுதாகச் சொல்ல முடியும். கம்பெனியில் உங்களுக்குச் சொன்னது கோமதிநாயகம் சொன்ன கதையாக இருக்கும். ஆவுடையப்பன் பிடிவாதக்காரன், கிறுக்குப் பிடித்தவன். அப்படித்தானே? நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், முகமே சொல்கிறது.

நாங்கள் ஐந்து பேருமே கேபிள் டிவிக்காரர்கள். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சொக்கம்பட்டி, கடையநல்லூர். மதுரை ரோட்டில் பஸ்ஸில் போனால் இந்த வரிசையில்தான் ஊர் வரும். ஊருக்கு ஒருவர். தூரத்துப் பெரிய கம்பெனிகள் வந்து ஒவ்வொரு வீடாக எங்களிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தபோது, ஐந்து பேரும் சேர்ந்து ஒரே கண்ணாடி இழையாக இழுத்து, இன்டர்நெட் கொடுப்போம் என்று இந்த ஐந்தூர் நெட்வொர்க் கம்பெனியை ஆரம்பித்தோம். அந்த யோசனை யாருடையது? கோமதியைக் கேட்டால் எல்லோரும் சேர்ந்து யோசித்தோம் என்பான். என்னுடையது சார். சிவகிரிக்காரருக்கும் வாசுதேவநல்லூர்க்காரனுக்கும் எல்லைத் தகராறு இருந்தபோது, நடுவில் உட்கார்ந்து தீர்த்து வைத்தவன் நான். அந்த வாசுதேவநல்லூர்க்காரன்தான் கோமதிநாயகம். என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அந்த ஊர் கேபிளை அவனுக்குப் பிரித்துக் கொடுத்ததே நான்தான்.

கேட்டீர்களா, அடுப்படியிலிருந்து பதில் வருகிறது. "எங்க அப்பா போட்ட நகைய வித்து வாங்குன ஊரு" என்கிறாள். நகை அவளுடையது. யார் இல்லை என்றார்கள்? ஆனால் பேசி வாங்கியது யார்? அதைச் சொல்ல மாட்டாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சிவகிரியில் ஒரு ஸ்கேன் சென்டர் திறந்தார்கள். அங்கே படம் எடுத்தால், அதைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் கடையநல்லூரில் இருக்கிறார். படம் எங்கள் ஐந்து ஊரையும் தாண்டிப் போக வேண்டும். எங்களுக்கு வந்த முதல் பெரிய வாடிக்கை அது. அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். லைன் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று எந்த நேரமும் எங்களுக்குத் தெரிய வேண்டும், உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நியாயமான பேச்சு. நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு எங்களுக்குப் போன் அடித்துக்கொண்டிருக்க முடியுமா?

அதற்கு, ஊருக்கு ஊர் இழையைச் சேர்க்கிற சுவிட்ச் பெட்டியிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா. இந்த முனை அந்த முனைக்கு ஓயாமல் ஒரு சின்னச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று. அந்த முனையும் அப்படியே. தொடர்ந்து சில செய்திகள் வராமல் போனால் லைன் அறுந்துவிட்டது என்று பலகையில் சிவப்பு விளக்கு எரியும். இதை அமைத்துக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். கடையநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை உட்கார வைத்து விளக்கினார். வாழைத்தண்டு வாசனை போகாத இடம். நீள மேஜைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். இது முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

அவர் சொன்னார்: இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் ஒரு நிலை உண்டு. பூஜ்யத்திலிருந்து ஏழு வரை. ஸ்கேன் சென்டருக்கு ஐந்தாம் நிலை. ஊர்க்காரர்களுக்கு இரண்டாம் நிலை. ஐந்தில் வருகிற செய்திக்கு இரண்டில் இருக்கிறவர்கள் வழி விட வேண்டும், நிறுத்தி வைத்துப் பார்க்கக் கூடாது.

நான் கேட்டேன், "ஐந்து எங்களுக்கு இல்லையா?"

"இல்லைங்க, அது வாடிக்கையாளருக்கு."

"அவர் கடை திறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. நான் இந்த ரோட்டில் கம்பம் ஏறத் தொடங்கியபோது அவர் டவுசர் போட்டிருப்பார். அவருக்கு ஐந்து, எனக்கு இரண்டா?"

கோமதி பக்கத்திலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அத்தான், அது வெறும் நம்பருதான்" என்றான். வெறும் நம்பர் என்றால் எனக்கு ஐந்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் இரண்டை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அப்போதுதான் சொக்கம்பட்டி மைதீன் எழுந்தான். வாய் சும்மா இருக்காத ஆள். "ஆவுடையண்ணே, ஒண்ணும் இல்ல, உங்களுக்கு ரெண்டாம் பந்தியாம். முதப் பந்தி எந்திரிக்கட்டும், இலை போடச் சொல்லுதேன்" என்றான்.

உட்கார்ந்திருந்தது சாப்பாட்டுக் கூடம், சார். நீள மேஜை. எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரித்தார். மைதீன் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அவன் சிரிக்கத்தான் பிறந்தவன். நான் திரும்பிப் பார்க்கிறேன், கோமதியும் சிரிக்கிறான். வாயைக் கையால் மூடிக்கொண்டு. மூடினால் எனக்குத் தெரியாதா?

எழுந்தேன், வெளியே வந்தேன், பஸ் ஏறினேன். அன்று அவர் அதற்கு மேல் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது.

காபி வந்துவிட்டது, குடியுங்கள். சர்க்கரை போதுமா? எனக்கும் போட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்கு முன்னால் எனக்குக் காபி கிடையாது என்பது இந்த வீட்டுச் சட்டம். உங்கள் புண்ணியம்.

இந்த இரண்டாம் நிலை என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். சிவகிரி கடையநல்லூரோடு பேசும், கடையநல்லூர் சிவகிரியோடு பேசும். நடுவில் புளியங்குடி என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஆவுடையப்பன் என்று ஒருவன் மழையில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறான் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஏற்பாடு. போன கோடை மழையில் சிந்தாமணிப் பக்கம் எலுமிச்சை லாரி மோதி ரெண்டு கம்பம் சாய்ந்தது. வெள்ளம் வடியும் வரை காத்திருக்காமல் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழையை ஒட்டினேன். அதற்கப்புறம் அந்த ஸ்கேன் சென்டர் முதலாளியை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். வணக்கம் சொன்னேன். "நீங்க எந்த ஊரு?" என்றார்.

அதனால் செய்தேன். கூட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து பின்னறையில் இருக்கிற என் சுவிட்சில் நானே அமைத்தேன். எவனையும் கேட்கவில்லை. என் சுவிட்சுக்கு இரண்டு வாசல், ஒன்று வாசுதேவநல்லூர்ப் பக்கம், ஒன்று சொக்கம்பட்டிப் பக்கம். இரண்டு வாசலிலும் ஆள் நிறுத்துகிற மாதிரி காவல் முனை வைத்தேன். நிலை என்ன என்று கேட்டது. ஐந்து என்று அடித்தேன். சுவிட்ச் மறுபேச்சு பேசாமல் ஏற்றுக்கொண்டது. சுவிட்ச் சிரிக்கவில்லை, சார்.

ஆமாம், ஐந்தாம் நிலையில் ஒருவன் வாசலில் நின்றால், ஐந்தில் வருகிற அடுத்தவன் செய்தி அவனிடமே நின்றுவிடும், தாண்டிப் போகாது. இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஐந்துதான் வைத்திருப்பேன், அது வேறு.

மறுநாள் சிவகிரியில் சிவப்பு விளக்கு. கடையநல்லூரிலும் சிவப்பு விளக்கு. லைன் அறுந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டார்கள். லைன் அறுபடவில்லை, கவனியுங்கள். படம் அனுப்பியிருந்தால் போயிருக்கும். என் சுவிட்ச் படத்தைத் தடுக்கவே இல்லை. இருக்கிறேன் இருக்கிறேன் என்கிற அந்தச் செய்தியை மட்டும்தான் தடுத்தது. விளக்கைப் பார்த்துவிட்டு, அனுப்பியே பார்க்காமல் விட்டது அவர்கள் தப்பு.

அன்று ராயகிரியிலிருந்து தென்னை ஏறுகிற ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மரத்திலிருந்து விழுந்தவர். ஸ்கேன் சென்டரில் இருந்த பெண் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, படம் எடுத்தாலும் பார்க்க ஆள் கிடைக்காது, தென்காசிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாள். ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த சமயம். ஒரு வேனில் படுக்க வைத்துக் கொண்டு போனார்கள். இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறாராம். இனி மரம் ஏற முடியாதாம். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? வேன் குலுக்கியதில்தான் முறிந்த எலும்பு விலகிவிட்டது என்று தென்காசி டாக்டர் சொன்னதாகக் கோமதி சொல்கிறான். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். நானா மரத்திலிருந்து தள்ளினேன்?

உலகு ராயகிரிக்கே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு. யாரைக் கேட்டுப் போனாய் என்றேன். "ஒரு ஆளாவது போகணும்லா" என்றாள். அதற்கு என்ன அர்த்தம்? நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பக்கத்தில் உட்கார மாட்டாள்.

ஒரு நிமிஷம். போனில் வைஃபை போய்விட்டது பாருங்கள். உங்களுக்கும் போய்விட்டதா? மின்சாரம் போயிருக்கும். மின்விசிறி ஓடுகிறதே என்கிறீர்களா? அது இன்வெர்ட்டரில் ஓடும். ஆமாம், சுவிட்சும் இன்வெர்ட்டரில்தான் இருக்கிறது. ஏதாவது வயர் ஆடியிருக்கும், தானே வந்துவிடும். நான் போய்ப் பார்க்கட்டுமா? வேண்டாமா? சரி, நீங்களே வேண்டாம் என்கிறீர்கள். உலகு, பின்னறைல விளக்கு எரியுதான்னு பாரு. "எரியுது, நீங்க பேசிக்கிட்டு இருங்க" என்கிறாள். அவளாகவே பேசிக்கொண்டு இருங்கள் என்று சொல்லி எத்தனை காலம் ஆகிறது. வழக்கமாக, போதும் நிறுத்துங்கள் என்பாள்.

எங்கே விட்டேன்? ஆமாம், அந்தக் கூட்டம். இரண்டாவது கூட்டம். நான் சொல்ல வந்ததே இதைத்தான். மற்றதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

அதே மண்டபம், அதே கூடம். ஸ்கேன் சென்டர் முதலாளி வந்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. லைன் நன்றாக இருக்கும்போது சிவப்பு விளக்கு ஏன் எரிந்தது, எந்த ஊரில் கோளாறு, இன்றைக்கு எனக்குத் தெரிய வேண்டும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். என்னைப் பார்த்துக் கேட்கவில்லையே, பொதுவாகத்தானே கேட்டார்.

இந்த ஏற்பாட்டிலேயே தடம் பார்க்கிற வித்தை ஒன்று உண்டு. ட்ரேஸ் என்பார்கள். இந்த முனையிலிருந்து ஒரு செய்தியை அனுப்பினால், வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊரும் என்னைத் தாண்டிப் போகிறது என்று பதில் கொடுக்கும். எந்த ஊருக்கு அப்புறம் பதில் நிற்கிறதோ, அடுத்த ஊரில் கோளாறு. யார் போட்டுப் பார்க்கிறீர்கள் என்று முதலாளி கேட்டதும் கோமதி எழுந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை சார். அவனாக எழுந்தான். லேப்டாப்பை நீள மேஜையில் வைத்து, சத்தமாகப் படித்தான். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி.

"சிவகிரி, பதில் வருது. வாசுதேவநல்லூரு, பதில் வருது."

அப்புறம் நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் அந்த இடத்தில் லேப்டாப்பை மூடியிருக்கலாம். நெட் சரியில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்றிருக்கலாம். நூறு வழி இருந்தது. அவன் சொன்னான்: "அடுத்தது பதில் இல்ல. அத்தான், உங்க சுவிட்சுலதான் நிக்குது."

எல்லோர் முன்னாலும். அத்தான் என்று உறவையும் சேர்த்துச் சொன்னான். உறவைச் சொல்லாமல் புளியங்குடி என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பாதி வலிதான் இருந்திருக்கும்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே? நீங்களே சொல்லுங்கள். அன்று காலையிலிருந்து எனக்குப் போன் போட்டானாம். போட்டான். நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் நேரில் வர வேண்டியதுதானே? வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. திறக்கவில்லை என்றால் இன்னொரு நாள் வர வேண்டும். அவசரம் என்ன? இன்னொரு ஆளுக்கும் இந்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவசரம் என்று உலகுவிடம் சொன்னானாம். பெரிய மனிதன் பேச்சு.

அவன் முதல்முதலாகக் கம்பம் ஏறியபோது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இறங்கிவிடட்டுமா அத்தான் என்பான். ஏறு, கீழே பார்க்காதே என்பேன். அவன் கல்யாணத்தில் மணமேடைக்குக் குடை பிடித்து அழைத்துப் போனது நான். அவன் பிள்ளைக்கு மொட்டை போட்டு மடியில் வைத்துக் காது குத்தியது... அது தாய்மாமன் வேலை, அது நான் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்றேன். அப்படிப்பட்ட அத்தானை ஒரு மண்டபத்தில் நிறுத்தி, கோளாறு இங்கே என்று கை காட்டினான். சுவிட்ச் காட்டிக்கொடுத்தால் அது இயந்திரம். அதற்கு நானா சோறு போட்டேன்? ஆனால் இவன்?

அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. தீபாவளிக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியனுப்பினேன். வேண்டாம் என்றால் வராமல் இருந்துவிடுவதா? பொங்கல்படிச் சீர் கொண்டுவந்தவன் வாசலில் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மெலிந்திருந்தான்.

என்ன, முறுக்கா? உலகு, நீ எப்போது முறுக்கு சுட்டாய்? சாப்பிடுங்கள் சார். நேற்றே சுட்டு வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் இன்று வருவது அவளுக்கு எப்படி... சரி, சாப்பிடுங்கள்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று? ஸ்கேன் சென்டர்க்காரர்கள் அந்த விளக்கையே அணைத்துவிட்டார்கள். மழைக்காலம் முழுக்க லைன் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஓட்டினார்கள். பழையபடி போன் போட்டுக் கேட்பது. கம்பெனி கார்த்திகையிலேயே என் ஊரை விலக்கிவிடத் தீர்மானம் போட்டதாம். என் ஊர் அந்த இழையில் இல்லையென்றால் எனக்கு என்ன இருக்கிறது? பெட்டிக்கடை வைக்க வேண்டியதுதான். கேபிள் டிவியை இன்று யார் பார்க்கிறார்கள்? அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மாட்டேன் என்கிறேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஆனால் ரெண்டாம் பந்தியில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்பதைவிட...

கார்த்திகைத் தீர்மானம் ஏன் தை வரைக்கும் நடக்கவில்லை என்றா கேட்கிறீர்கள்? ஏதாவது பயம் இருக்கும். கேபிள் சங்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. என்ன உலகு? நீ என்ன சொல்லுத? கோமதியா? அவன் என்ன செய்தான்? "ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம் வரைக்கும் பொறுங்கன்னு கால்ல விழாத குறையா கேட்டுக்கிட்டு இருக்கான்" என்கிறாள். யாரிடம்? உங்கள் கம்பெனியிலா? இது உண்மையா சார்?

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டால் எப்படி.

வைஃபை வந்துவிட்டது. சொன்னேன் அல்லவா, தானே வந்துவிடும் என்று. ஒரு சுவிட்ச் அணைந்து எழுந்திருக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். நான் இந்தச் சத்தமெல்லாம் கேட்டே...

யார் அது பின்னறையில்?

உலகு, யாரு உள்ள? பின்வாசக் கதவை யாரு திறந்தா? சார், நீங்கள் உட்காருங்கள், என் கையை விடுங்கள். என் வீட்டில் என்னை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்ல நீங்கள் யார்?

ஓகோ.

வா. வாடா. மூஞ்சியைக் காட்டு. கையில் என்ன, சுவிட்சை லேப்டாப்போடு சேர்க்கிற கன்சோல் வயரா? சுவிட்சை அணைத்துப் பாஸ்வேர்டைக் கழற்றியிருக்கிறாய். நான் பாஸ்வேர்டு சொல்லவில்லை என்றால் பூட்டை உடைக்கிற மாதிரி. நேர் வாசலால் வந்தால் நான் விடமாட்டேன் என்று அக்காவைச் சேர்த்துக்கொண்டு, திருடன் மாதிரிப் பின்வாசல் வழியாக. இந்த சாரைக் கொண்டுவந்து என் முன்னால் உட்கார வைத்துவிட்டு.

நீங்களும்தானா சார்? நானும் நினைத்தேன். இத்தனை நேரம் ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்கிறாரே என்று. காபி, முறுக்கு, பேசிக்கொண்டு இருங்கள். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு. நான் என் மனதில் இருந்ததையெல்லாம் உங்களிடம் கொட்டினேன். நீங்கள் பின்னறையில் வேலை முடிகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீ பேசாதே கோமதி. நான் உன்னைக் கேட்கவில்லை. ஸ்கேன் சென்டரில் சொல்லிவிட்டா அணைத்தாய்? அந்த நேரத்தில் அங்கே நோயாளி யாரும் இல்லையா? கேட்டாயா? சரி, அது ஒன்றாவது செய்தாய்.

ரெண்டுதானே வைத்தாய்? சொல். ரெண்டு. எனக்குத் தெரியும். முடிந்தது. இனி சிவகிரிக்கும் கடையநல்லூருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் வயர். என்ன? நடுப்புள்ளியா? அது என்ன நடுப்புள்ளி?

கேளுங்கள் சார், இவன் சொல்வதை. காவல் முனையை ரெண்டுக்கு மாற்றிவிட்டு, ஐந்தாம் நிலையில் எனக்கு ஒரு நடுப்புள்ளி திறந்துவிட்டிருக்கிறானாம். நடுப்புள்ளி என்றால் அது எதையும் தடுக்காது, வருகிற செய்தியை அப்படியே விட்டுவிடும், ஆனால் ட்ரேஸ் வந்தால் நான் இங்கே இருக்கிறேன் என்று பதில் கொடுக்கும். "எல்லா ஊருக்கும் இருக்குது அத்தான், மைதீனண்ணனுக்கும் இருக்குது, எனக்கும் இருக்குது. அதான் அன்னைக்கு ட்ரேஸுல எங்க பேரு வந்துச்சு. அத அந்தக் கோயம்புத்தூர்க்காரரு கூட்டத்துல பின்னால சொன்னாரு. நீங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டிய" என்கிறான்.

பாதியில் எழுந்து போனேன். நீங்களெல்லாம் சிரித்தால் எழுந்து போகாமல் என்ன செய்வேன்? போனவனிடம் மீதியைச் சொல்லியிருக்க வேண்டாமா? போனை எடுக்கவில்லை என்றால் ஒரு சீட்டு எழுதிக் கதவுக்கடியில் தள்ளியிருக்க வேண்டாமா? ஒரு வார்த்தை, நடுப்புள்ளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அன்றைக்கே மாற்றியிருப்பேனே. அந்த ராயகிரிக்காரர்...

அந்த ராயகிரிக்காரர் வீடு எந்தத் தெரு, உலகு?

சரி. அப்புறம் சொல்.

நீ ஏன் நின்றுகொண்டே இருக்கிறாய்? நான் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் நிற்கவும் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்காராதே, கால் ஆடும் என்று உனக்குத் தெரியாதா? முறுக்கு எடுத்துக்கொள். உன் அக்கா உனக்காகச் சுட்டதுதானே, எனக்கா சுட்டாள்?

லேப்டாப்பை இப்படித் திருப்புங்கள் சார். நீங்கள் செய்தது தப்புதான், அதை நான் மறக்க மாட்டேன். போடுங்கள் ட்ரேஸை. சத்தமாகப் படியுங்கள், என் மூக்குக்கண்ணாடி உள்ளே இருக்கிறது.

சிவகிரி. சரி. வாசுதேவநல்லூர், கோமதிநாயகம். சரி. புளியங்குடி...

பேர் இருக்கிறதா? முழுப் பேரா? இன்னொரு தடவை படியுங்கள்.

புளியங்குடி, ஆவுடையப்பன். அப்புறம் சொக்கம்பட்டி, மைதீன். அப்புறம் கடையநல்லூர். அணைத்து வைத்த விளக்கை மறுபடி போட்டுவிட்டார்களா? பச்சையா எரிகிறது? இரண்டு பக்கமுமா? ம்.

எல்லோரும் என்னைப் பார்க்காதீர்கள். இதனால் ஒன்றும் சரியாகிவிடவில்லை. செய்த விதம் தப்பு. நான் இதை விடமாட்டேன்.

சார், இதை நீங்கள் சிவகிரி முனையிலிருந்து போட்டீர்கள் இல்லையா? அதனால்தான் இவன் பேர் எனக்கு முன்னால் வருகிறது. கடையநல்லூர் முனையிலிருந்து ஒரு தடவை போடுங்கள்.